கடல்மீன் தொட்டியின் மணல்: வன்னி வீட்டுக்குச் சில குறிப்புகள்

பரந்தன் முல்லைத்தீவு வீதியில் தர்மபுரம், விசுவமடுப் பக்கம் கப்பியும் கோல்ட் பிஷ்ஷும் வளர்க்கும் வீடுகளுக்குக் குறைவில்லை. கேட்டால் சொல்லித்தர ஆளும் இருக்கிறது. கடல் நீர், முருகைக்கல், வெண்மணல் என்று தொடங்கும் ஆள்தான் தனித்துப்போவார். தொட்டி வைத்து இரண்டு மாதத்துக்குள் அவர் கேட்கும் முதற்கேள்வி பெரும்பாலும் மணலைப் பற்றியதாகவே இருக்கும்: வெள்ளையாகப் போட்ட மணல் எப்படி இவ்வளவு ஊத்தையானது? அந்த ஊத்தையில் முக்கால்வாசி தண்ணீரோடும் தீனியோடும் வெளிச்சத்தோடும் நாமே உள்ளே அனுப்பியது. அதனால் கீழே உள்ள குறிப்புகளில் பல மணலில் கைவைப்பதற்கு முன்னான வேலைகள்.

1. கல்லாற்று மணலை விட்டுவிடுங்கள். கூப்பிடு தூரத்தில் மணல் கிடக்க, கொழும்பிலிருந்து பையில் ஏன் வரவழைக்க வேண்டும் என்று தோன்றும். ஆற்று மணலின் பெரும்பகுதி குவார்ட்ஸ். சிலிக்கா கரைந்து பழுப்புப் பாசி வந்துவிடும் என்று சிலர் பயமுறுத்துவது மிகை. குவார்ட்ஸ் இலகுவில் கரையாது. ஆனால் அதோடு ஒட்டிவரும் களியும் இலைமக்கும் வயலிலிருந்து வழிந்த உரமும் எத்தனை தண்ணீர் மாற்றிக் கழுவினாலும் முழுதாகப் போகாது. முருகைக்கல் மணலோ கல்சியம் காபனேற்று. படுக்கையின் அடியில் அமிலத்தன்மை கூடும்போது கொஞ்சம் கரைந்து தண்ணீரைச் சமப்படுத்தும். அந்த வேலை ஆற்று மணலுக்குத் தெரியாது. அதோடு, கல்லாற்றில் களவாக மணல் அள்ளுவது ஓயாத செய்தியாக இருக்கும் ஊரில், மீன்தொட்டிக்கென்று நாமும் ஒரு வாளியோடு போவது அழகில்லை.

2. கடற்கரை மணலிலும் கைவைக்க வேண்டாம். சாலை, மாத்தளன், சுண்டிக்குளம் என்று கரை கிட்டத்தில்தான் இருக்கிறது. ஆனால் கரையோர வலயத்தில் அனுமதியில்லாமல் மணல் எடுப்பதைச் சட்டம் தடுக்கிறது. முருகைக்கல் விடயத்தில் இன்னும் கடுமை: 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 1988இல் வந்த திருத்தம், கரையோர வலயத்தில் முருகைக்கல் அகழ்வது, சேர்ப்பது, வைத்திருப்பது, ஏற்றிச்செல்வது எல்லாவற்றையும் தடைசெய்தது. உயிருள்ள கல்முருகைகள் வனசீவராசிகள் சட்டத்தின் கீழும் பாதுகாக்கப்பட்டவை. கரையில் செத்து ஒதுங்கிய துண்டுதானே என்று பைக்குள் போடுபவர்கள் இதை ஒருமுறை நினைக்க வேண்டும். கடையில் மணலோ கல்லோ உயிரியோ வாங்கும்போதும் எங்கிருந்து வந்தது, அனுமதி உண்டா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். மழுப்பலாகப் பதில் வந்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.

கொக்கிளாய், புல்மோட்டைப் பக்கக் கறுப்பு மணல் பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும். அது இல்மனைற் முதலிய கனிமங்கள் கலந்தது. இரும்பும் தைத்தானியமும் இருக்கும் மணலுக்கு முருகைத் தொட்டியில் வேலை இல்லை.

3. வாங்கிய மணலை வினாகிரியால் சோதியுங்கள். ஒரு சிரட்டையில் ஒரு கரண்டி உலர்ந்த மணலைப் போட்டு மூழ்கும் அளவு வினாகிரி ஊற்றுங்கள். நுரைத்துக் குமிழி வந்தால் காபனேற்று மணல். ஒன்றும் நடக்காவிட்டால் வெள்ளை நிறத்துக்காக விற்ற வேறு மணல். பழைய ஸ்பீக்கர் காந்தத்தை ஒரு பொலித்தீன் பைக்குள் போட்டு மணலுக்குள் துழாவினால் இரும்புத்துகள் இருந்தால் அதுவும் ஒட்டிக்கொண்டு வரும். பையைக் கழற்றி உதறிவிடலாம்.

4. மணியின் பருமன் 1 முதல் 2 மில்லிமீற்றர் வரை இருந்தால் போதும். மாப்போல அரைத்த மணல் கண்ணுக்கு அழகு. நீரோட்டம் பட்டதும் கிளம்பிக் கண்ணாடியிலும் உயிரிகள் மேலும் படியும். பெரிய துண்டுகளானால் தீனியும் கழிவும் இடுக்குகளில் இறங்கி அங்கேயே அழுகும்.

5. உலர்மணலை, அரிக்கன் சட்டியில் அரிசி களைவதுபோல் கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவுங்கள். மொத்தப் பையையும் ஒரே வாளியில் கொட்டித் தண்ணீர் அடித்தால் மேல்மணல் கழுவப்படும், அடிமணல் அப்படியே கிடக்கும். வாளியில் கால்வாசி மணல், கையால் நன்றாகக் கிளறல், கலங்கலை ஊற்றல். தண்ணீர் தெளியும்வரை திரும்பத் திரும்ப. கிணற்று நீரில் கழுவலாம், கடைசி அலசலை மட்டும் வடிகட்டிய நீரில் செய்யுங்கள். ஈரமாகப் பையில் அடைத்து 'உயிர்மணல்' என்று விற்பதை நன்னீரில் கழுவவே கூடாது. காசு கொடுத்து வாங்கிய பக்றீரியாவில் பெரும்பகுதி செத்துப்போகும்.

6. கல் முதலில், மணல் பிறகு. மணலின் மேல் கல்லை அடுக்கினால் கீழே தோண்டும் மீனோ இறாலோ ஒரு நாள் கல்லைச் சரித்துவிடும். கல்லைத் தொட்டியின் அடிக்கண்ணாடியில் நேரே உட்காரவைத்து, சுற்றிலும் மணலைப் பரப்புங்கள். பின்கண்ணாடிக்கும் கல்லுக்கும் நடுவில் கை போகும் இடைவெளி விடுங்கள். அங்கே தண்ணீர் ஓடாவிட்டால் கழிவு வந்து தங்கும் மூலை அதுதான்.

7. ஆழம் 2 முதல் 4 சென்ரிமீற்றர். நீளம், அகலம், ஆழம் மூன்றையும் சென்ரிமீற்றரில் பெருக்கி 1000ஆல் வகுத்தால் எத்தனை லீற்றர் மணல் என்று வரும். 100 சென்ரிமீற்றர் நீளமும் 40 சென்ரிமீற்றர் அகலமும் உள்ள தொட்டிக்கு 3 சென்ரிமீற்றர் ஆழமென்றால் 12 லீற்றர். நிறையில் ஏறக்குறைய 16 முதல் 18 கிலோ.

10 சென்ரிமீற்றருக்கு மேல் ஆழமான படுக்கை போட்டு, ஒட்சிசன் இல்லாத அடிப்பகுதியில் நைத்திரேற்றை வாயுவாக மாற்றும் முறையும் உண்டு. மொனாக்கோ கடலியல் அருங்காட்சியகத் தொட்டிகளில் கையாளப்பட்ட ஜோபேர் முறை இந்த வழியில் பேர்போனது. அது பழகியவர் வேலை. புதியவருக்கு, அதிலும் கரண்ட் அடிக்கடி போகும் ஊரில், நான் சொல்லமாட்டேன். காரணம் 20ஆம் குறிப்பில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் 6, 7 சென்ரிமீற்றர் போடுவது எல்லாவற்றிலும் மோசம்: முழுதாகச் சுத்தம் செய்யவும் முடியாது, நைத்திரேற்றைக் குறைக்கவும் போதாது.

8. ஆனையிறவு உப்பில் கடல் நீர் கரைக்க முடியாது. உப்பளம் பக்கத்தில் இருப்பதால் இந்தக் கேள்வி கட்டாயம் வரும். கடல் நீர் பாத்தியில் வற்றும்போது முதலில் கல்சியம் சேர்ந்த ஜிப்சம் படிந்துவிடும், பிறகு கறியுப்பு படியும், மக்னீசியத்தின் பெரும்பகுதி எஞ்சிய கசப்பு நீரோடு வெளியே போய்விடும். அள்ளி எடுப்பது கிட்டத்தட்டச் சோடியம் குளோரைட்டு மட்டும். பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை ஒரு காலத்தில் அந்த உப்பிலிருந்து கோஸ்டிக் சோடாவும் குளோரினும் எடுத்தது அதனால்தான். முருகைத் தொட்டிக்கோ ஒரு லீற்றரில் 400 மில்லிகிராமுக்குச் சற்று மேல் கல்சியமும் 1300 அளவில் மக்னீசியமும் வேண்டும். தொட்டிக்கென்று விற்கும் கலவை உப்பை லீற்றருக்கு ஏறக்குறைய 35 கிராம் வீதம் வாளியில் கரைத்து, ஒரு நாள் சுழலவிட்டு, பிறகு ஊற்றுங்கள். மணல் மேல் உப்பைத் தூவிக் கரைப்பது வேண்டாம். கரையாத வெண்கட்டிகள் மணலோடு இறுகிக் கல்லாகிவிடும்.

9. கடல் நீரையே அள்ளுவதானால் காலம் பாருங்கள். மாரியில், ஐப்பசி முதல் தை வரை, கிழக்குக் கரைக் கடல் கலங்கிக் கிடக்கும். குளங்கள் வான்பாய்ந்த தண்ணீர் ஆறுகள் வழியாக வந்து கரையோர உப்பை நீர்த்துவிடும். சித்திரை முதல் ஆவணி வரை நல்லது. களப்பு நீர் எடுக்க வேண்டாம்; சுண்டிக்குளக் களப்பில் உப்பு கோடையில் ஏறும், மாரியில் இறங்கும். படகுத்துறைக்கு அருகேயும் வேண்டாம். கொண்டுவந்ததைத் தடித்த பருத்தித்துணியில் வடித்து, மூடிய பிளாஸ்ரிக் பரலில் இருட்டில் ஒரு கிழமையாவது வைத்து, அடியில் படிந்ததை விட்டு மேல்நீரை மட்டும் எடுங்கள். அந்தப் படிவுதான் மணலுக்கு முதல் ஊத்தை. சாரடர்த்தி 1.025 அல்லது 1.026 காட்டினால் சரி.

10. வற்றும் தண்ணீருக்குக் கிணற்று நீர் ஊற்றாதீர்கள். இந்த ஒரு பழக்கம் மற்ற எல்லாக் கவனத்தையும் பாழாக்கிவிடும் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். தொட்டி நீர் வற்றும்போது போவது நீராவி மட்டும், உப்பு உள்ளேயே இருக்கும். ஆகவே வற்றியதை ஈடுசெய்ய நன்னீர்தான் ஊற்ற வேண்டும், உப்புநீர் அல்ல. வன்னிக் கிணறுகள் பலவற்றில் தண்ணீர் கடினமானது. கேத்தலின் அடியில் படியும் வெண்படிவைப் பார்த்தால் தெரியும். தோட்டம் செய்யும் வளவாக இருந்தால் உரத்தின் நைத்திரேற்றும் சேர்ந்திருக்கும். அடித்தளப் பாறையைப் பொறுத்துச் சிலிக்காவும் உண்டு. ஒவ்வொரு நாளும் ஒரு செம்பு, இரண்டு செம்பு என்று இவை உள்ளே போய்ச் சேரும், வெளியே வராது. பழுப்புப் பாசி ஒரு மாதத்தில் போகாமல் அரை வருடம் நின்றால் நான் முதலில் கேட்பது எந்தத் தண்ணீர் ஊற்றுகிறீர்கள் என்றுதான்.

சிறுநீரக நோய்ப் பயத்தால் வன்னியில் பல இடங்களில் ஆர்.ஓ. குடிநீர் நிலையங்கள் வந்திருக்கின்றன. அந்த நீர் கிணற்று நீரைவிட எவ்வளவோ மேல். ஆனாலும் குடிப்பதற்காக அதில் கொஞ்சம் உப்புகளை விட்டுவைப்பதுண்டு. கரைந்த உப்புகளை அளக்கும் சிறிய ரி.டி.எஸ். மீற்றர் ஒன்று வாங்கி அளந்துபாருங்கள். 10க்குக் கீழ் என்றால் தாராளமாக ஊற்றலாம். 30, 40 என்று காட்டினால் அயன்மாற்றிப் பிசின் நிரப்பிய ஒரு சிறு குழாயினூடாகச் செலுத்தி எடுங்கள். சிலிக்கா ஆர்.ஓ. சவ்வைத் தாண்டிக் கொஞ்சம் வரும், அதைப் பிடிப்பது இந்தப் பிசின்தான். அப்படி முடியாதவர்கள் மழைநீரை நினைப்பதுண்டு. தகரக் கூரை, ஓட்டுக் கூரை வழியாக வந்த மழைநீர் ஆகாது.

11. முதல் மாதம் விளக்கை அணைத்துவையுங்கள். புதுத் தொட்டியில் அமோனியாவை நைத்திரைற்றாகவும் அதை நைத்திரேற்றாகவும் மாற்றும் பக்றீரியா மணலிலும் கல்லிலும் குடியேற நான்கு முதல் ஆறு கிழமை பிடிக்கும். அதற்கு வெளிச்சம் தேவையில்லை. பாசிக்குத்தான் தேவை. பிறகும் ஒரு நாளைக்கு 6 மணித்தியாலத்தில் தொடங்கி மெல்லக் கூட்டலாம். மேற்குப் பார்த்த யன்னலோரத்தில் தொட்டியை வைத்தால் இந்தக் குறிப்பு பயன்படாது.

12. பழுப்புத் தூசி படிந்தால் பதறாதீர்கள். இரண்டாம் கிழமைக்கும் ஆறாம் கிழமைக்கும் இடையில் மணல் மேல் பழுப்பாக, விரலால் தொட்டால் கலையும் தூசியாக வருவது தயற்றம். சிலிக்காவால் ஓடு கட்டிக்கொள்ளும் நுண்பாசி. புது மணல், புதுக் கல், புது உப்பு எல்லாவற்றிலும் இருந்து கொஞ்சம் சிலிக்கா வரும். அது தீர்ந்ததும் இதுவும் போகும். மருந்து ஊற்ற வேண்டாம், மணலைப் புரட்ட வேண்டாம், முழு மணலையும் எடுத்து மாற்றவே வேண்டாம். மாற்றினால் மறுபடியும் முதலாம் கிழமை.

13. செந்நிறச் சவ்வு வேறு கதை. மணலை மூடி ஊதா அல்லது இரத்தச்சிவப்பில் வழுவழுப்பாகப் படர்ந்து, பகலில் மேலே குமிழிகள் நின்று, விளிம்பைப் பிடித்தால் ஒரே தாளாக உரிந்துவருவது சயனோபக்றீரியா. பாசி என்று சொல்வார்கள், உண்மையில் பக்றீரியா. நீரோட்டம் படாத இடத்திலும் மிஞ்சிய தீனி கிடக்கும் இடத்திலும் தொடங்கும். மெல்லிய ரியூபால் உறிஞ்சி எடுத்துவிட்டு, அந்த மூலைக்கு நீரோட்டம் படும்படி பம்பைத் திருப்பி, தீனியைக் குறையுங்கள். விடாப்பிடியாக நின்றால் மூன்று நாள் விளக்கில்லாமல் தொட்டியைத் துணியால் மூடுங்கள். அந்த நாட்களில் காற்றுப் பம்ப் கட்டாயம் ஓட வேண்டும். வெளியூரில் சிலர் எரித்ரோமைசின் போடுகிறார்கள். சயனோவைக் கொல்லும் அந்த அன்ரிபயோற்றிக் மணலுக்குள் நமக்காக வேலை செய்யும் பக்றீரியாவையும் பாதிக்கலாம். மனிதர் குடிக்கும் மருந்தை வாய்க்காலில் போய் விழும் தண்ணீரில் கரைப்பது எனக்கு எந்த வகையிலும் சரியாகப் படவில்லை.

14. பழுப்பாகவே இருந்தும் தயற்றம் இல்லாத ஒன்று. சளிபோல் இழைகளாகத் தொங்கும், இழை நுனியில் குமிழி நிற்கும், இரவில் குறைந்து விளக்கு எரிந்ததும் திரும்பிவரும், நத்தைகள் காரணமில்லாமல் சாகும்: இது டைனோபிளாஜலேற். மணலில் வரும் எல்லாவற்றிலும் தொல்லை கூடியது இதுதான், ஏனென்றால் இதற்கு வழக்கமான வைத்தியம் எதிர்மாறாக வேலை செய்யும். மற்றப் பாசிகளுக்குத் தண்ணீரை அடிக்கடி மாற்றிச் சத்தைக் குறைப்போம். டைனோவோ நைத்திரேற்றும் பொசுபேற்றும் பூச்சியத்துக்கு இறங்கி, போட்டியாளர்கள் பட்டினி கிடக்கும் தொட்டியில்தான் தலையெடுக்கும். அப்போது தண்ணீரை மாற்றிக்கொண்டே இருந்தால் அதற்குத்தான் இடம் கொடுப்பீர்கள்.

அடையாளம் காண ஒரு வழி. மணல் மேலிருந்து கொஞ்சத்தை உறிஞ்சி, மூடிபோட்ட போத்தலில் வேகமாகக் குலுக்குங்கள். கோப்பி வடிக்கும் தாளிலோ மடித்த ரிஷூவிலோ வடித்து, தெளிந்து இறங்கிய நீரைக் கண்ணாடிக் குவளையில் வெளிச்சத்தில் ஒரு மணித்தியாலம் வையுங்கள். கலைந்தவை மறுபடி கூடி இழை இழையாகத் திரண்டால் டைனோ. இன்னும் உறுதி வேண்டுமானால் பக்கத்துப் பாடசாலையின் உயிரியல் ஆசிரியரிடம் ஒரு துளியைக் கொண்டுபோங்கள். 400 மடங்கு பெருப்பிக்கும் நுணுக்குக்காட்டியில் தயற்றம் கண்ணாடிப் பெட்டிபோல் அசையாமலோ மெல்ல வழுக்கியோ கிடக்கும், டைனோ சுழன்று திரியும். பிள்ளைகளுக்கும் அது ஒரு பாடம்.

டைனோ என்று உறுதியானால் தண்ணீர் மாற்றுவதை நிறுத்தி, தீனியைச் சற்றுக் கூட்டி, நைத்திரேற்றை லீற்றருக்கு 5 மில்லிகிராமுக்கும் பொசுபேற்றை 0.05க்கும் கிட்டக் கொண்டுவாருங்கள். பொறுமை வேண்டும், கிழமைக்கணக்கில் எடுக்கும். அந்த மணலைத் தொட்டபின் கையை நன்றாகக் கழுவுங்கள். சில இனங்கள் நச்சு உள்ளவை.

15. மணலை உறிஞ்ச மேசன்மார் மட்டம் பார்க்கும் ரியூப் போதும். ஹாட்வெயாரில் அடிக்கணக்கில் வெட்டித் தருவார்கள். உள்ளே போவது தெரியும்படி தெளிவாக இருக்கும், விலையும் குறைவு. உள்விட்டம் 10 முதல் 12 மில்லிமீற்றர். ஒரு முனையில் அடி வெட்டிய சிறு தண்ணீர்ப் போத்தலின் கழுத்தைச் செருகிக்கொண்டால் மணல் போத்தலுக்குள் ஏறிச் சுழன்று, ஊத்தை மட்டும் ரியூபில் போகும். மணலும் ஏறத் தொடங்கினால் ரியூபை விரலால் நெரித்தால் கீழே விழுந்துவிடும். வாயால் உறிஞ்சித் தொடங்க வேண்டாம், ரியூபை முழுதாகத் தொட்டி நீரில் அமிழ்த்தி நிரப்பிக்கொள்ளுங்கள்.

முதல் ஆறு கிழமை இந்த வேலையே வேண்டாம். பிறகு, இரண்டு கிழமைக்கொருமுறை பத்திலொரு பங்கு தண்ணீர் மாற்றும்போது, மணலில் மூன்றிலொரு பகுதியை மட்டும் செய்யுங்கள். அடுத்தமுறை அடுத்த பகுதி. ஒரே நாளில் முழு மணலையும் கிண்டினால் அதில் குடியிருக்கும் சிறுபுழுக்களும் பக்றீரியாவும் நிலைகுலைந்து, அமோனியா மறுபடி தலைகாட்டும்.

16. நீரோட்டத்தை அளந்து வையுங்கள். 200 லீற்றர் தொட்டிக்கு மணித்தியாலத்துக்கு 4000 லீற்றராவது சுழற்ற வேண்டும், அதாவது 20 மடங்கு. பம்பை மணலை நோக்கித் திருப்பாமல், எதிர்க்கண்ணாடியின் மேற்பகுதியில் மோதி இறங்கும்படி வையுங்கள். சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு சிட்டிகை தீனித்தூளை விடலாம். எங்கே போய்ப் படிகிறதோ, அங்கேதான் நாளைக்கு ஊத்தை.

17. வேலையாட்களை மெல்ல எடுங்கள். மணலுக்குள் புதைந்திருந்து தீனி மணத்ததும் மேலே வரும் நசாரியஸ் நத்தை, மணலை மேலோட்டமாக மேயும் செரித் நத்தை, இவை இரண்டும் புதியவருக்கு ஏற்றவை. 100 லீற்றருக்கு ஐந்தாறுடன் தொடங்கலாம். சங்குக்குள் வாழும் சிறு நண்டும் நல்லது. வெற்றுச் சங்கு சில போட்டுவையுங்கள், இல்லாவிட்டால் நத்தையைக் கொன்று வீடெடுக்கும். மணலை வாயால் அள்ளிச் செவுளால் கொட்டும் கோபி மீனும் மணலுக்குள் ஓடும் நட்சத்திர மீனும் கடையில் ஆசை காட்டும். மணலில் உயிர்கள் பெருகாத புதுத் தொட்டியில் இரண்டும் பட்டினியால் சாகும். ஆறு மாதமாவது போகட்டும்.

கரையில் பொறுக்கிய உயிருள்ள சங்கு எதையும் கொண்டுவந்து போடாதீர்கள். கூம்பு வடிவச் சங்குகளில் சில குத்தினால் மனித உயிருக்கே ஆபத்து.

18. கடலட்டை? பூநகரி, கிராஞ்சிக் கரைகளில் கடலட்டைப் பண்ணைகள் வந்தபிறகு இந்தக் கேள்வியும் வந்துவிட்டது. மணலைத் தின்று அதிலுள்ள கழிவைச் செரித்துச் சுத்தமான மணலாக வெளியே விடும் பிராணி அது. கடலடியில் அதன் தொழிலே அதுதான். ஆனால் பண்ணைக்காரர் வளர்க்கும் வெள்ளை அட்டை ஒரு முழு மீன்தொட்டியின் மணலிலுள்ள தீனியையும் சீக்கிரம் தின்று தீர்த்துவிட்டுப் பிறகு மெலியத் தொடங்கும். வளர்ந்த அட்டைக்குத் தேவை சதுரமீற்றர் கணக்கில் மணல். பம்பின் வாயில் அகப்பட்டோ பட்டினியிலோ அது செத்தால் வெளிவிடும் நஞ்சு தொட்டி மீன் முழுவதையும் கொல்லக்கூடும். இந்தக் கூலியாள் வேண்டாம்.

19. தீனி. இரண்டு நிமிடத்தில் மீன் தின்று முடிப்பது எவ்வளவோ அவ்வளவுதான் ஒரு வேளைக்கு. உறைந்த தீனியை அப்படியே போடாமல் தேநீர் வடியில் வைத்து அலசுங்கள், ஊறிய நீரில்தான் பொசுபேற்று அதிகம். வீட்டில் றால் கழுவும்போது ஒரு துண்டை நறுக்கிப் போடுவது தவறில்லை. உப்பு, மஞ்சள் பட முன்னர் எடுங்கள்.

20. கரண்ட் போனால் முதலில் மூச்சு முட்டுவது மணல்தான். மணலில் இருக்கும் பக்றீரியாவும் புழுக்களும் மீனைப்போலவே ஒட்சிசனை எடுக்கின்றன. நீரோட்டம் நின்றதும் மணற்படுக்கைக்குள் ஒட்சிசன் தீர்ந்து, ஆழமான படுக்கையானால் அடியில் ஐதரசன் சல்பைட்டு உருவாகும். சூடான நீரில் ஒட்சிசன் ஏற்கனவே குறைவு, ஆகவே பங்குனி, சித்திரை மின்வெட்டு மாரி மின்வெட்டைவிட மோசம். 2022இல் நாடு முழுவதும் மணிக்கணக்கில் இருண்டதை நாம் பார்த்தோம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி ஒரு குரங்கால் முழுத்தீவுமே இருண்டது. பற்றறியில் ஓடும் சிறு காற்றுப் பம்ப் ஒன்றை எப்போதும் ஏற்றிவையுங்கள். சோலார் பற்றறி உள்ள வீட்டார் விளக்கைவிடச் சுழற்சிப் பம்புக்கு முதலிடம் கொடுங்கள். கரண்ட் திரும்பிய கையோடு மணலைக் கிளற வேண்டாம். அன்று தீனியும் வேண்டாம்.

21. சூட்டைக் காற்றாடியால் இறக்குங்கள். தொட்டிக்கு 25 முதல் 27 பாகை செல்சியஸ் வேண்டும். நமது கோடையில் அறையே 32, 33. நீர்மட்டத்தின் மேல் சாய்வாக ஒரு சிறு காற்றாடி ஓடினால் ஆவியாதலால் 2, 3 பாகை இறங்கும். ஆனி, ஆடியில் கச்சான் வீசும்போது காற்று உலர்ந்திருப்பதால் பலன் நன்றாகத் தெரியும், மாரியில் குறைவு. காற்றாடி ஓடினால் தண்ணீர் இரட்டிப்பாக வற்றலாம் என்பதையும் பத்தாம் குறிப்பையும் சேர்த்து நினைவில் வையுங்கள்.

22. நுளம்புச் சுருள், நுளம்பு ஸ்பிறே, டெங்குப் புகை மூன்றும் மணலில் வாழும் நுண்ணிய ஓட்டுடலிகளைக் கொல்லும். புகையடிக்க வருகிறார்கள் என்றால் தொட்டியை ஈரத்துவாயால் மூடி, காற்றுப் பம்பை நிறுத்தி, அறை நன்றாகக் காற்றோடியபின் திறங்கள். வயலுக்கு மருந்தடித்த கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினாலும் அன்று தொட்டிக்குள் விட வேண்டாம்.

23. கண்ணாடி ஓரத்தில் மணலுக்குள் கருமை தெரிந்தால் மோந்து பாருங்கள். அந்த இடத்தில் சிறிது மணலை ரியூபால் எடுத்து மணம் பார்க்க, அழுகிய முட்டை மணம் வந்தால் சல்பைட்டு. ஒருநாளைக்கு உள்ளங்கை அகலம் மட்டும் உறிஞ்சி எடுத்து, வெளியே வாளியில் கழுவிப் போடுங்கள். மணம் இல்லாத கருமையை விட்டுவிடலாம். ஒட்சிசன் குறைந்த மணலின் நிறம் அது. கண்ணாடியில் மணல் மட்டத்துக்குக் கீழே பச்சையாகத் தெரியும் கோட்டையும் விட்டுவிடலாம், அதைச் சுரண்டப்போய்க் கண்ணாடியும் மணலும் உராய்ந்து கீறல் விழவைக்காதீர்கள்.

24. பின்னாளில் மணல் குறைந்து புதிதாகச் சேர்ப்பதானால் மேலிருந்து கொட்டாமல், ஒரு பி.வி.சி. குழாயை மணல் வரை இறக்கி அதன் வழியாக விடுங்கள். ஒருமுறைக்குப் பாதிக்குமேல் மூடாதீர்கள்.

25. வற்றாப்பளைப் பொங்கலுக்கு வீட்டோடு புறப்படும்போது தொட்டியைப் பக்கத்து வீட்டாரிடம் ஒப்படைப்போம். அன்பான பக்கத்து வீட்டார்தான் மணலுக்குப் பெரிய ஆபத்து. மீன் மேலே வந்து வாயைத் திறந்தால் பசி என்று நினைத்து இன்னும் கொஞ்சம் போடுவார்கள். திரும்பிவரும்போது மணல் மேல் வெண்பூஞ்சணம் படர்ந்திருக்கும். வளர்ந்த மீன்கள் இரண்டு நாள் தீனியில்லாமல் நன்றாகவே இருக்கும். அதற்குமேல் போவதானால் ஒரு நாளைக்கு ஒன்று என்று சிறு சரைகளாகத் தீனியைச் சுற்றி, ஒவ்வொன்றிலும் கிழமையை எழுதிக் கொடுங்கள். வற்றும் நீருக்கு ஆர்.ஓ. தண்ணீரை அளந்து போத்தலில் நிரப்பித் தொட்டிக்குப் பக்கத்தில் வையுங்கள். தீனிப் பேணியை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டி, திறப்பைக் கையோடு கொண்டுபோங்கள்.